லேப்டாப்பில் அடங்காத கணக்கை எங்கே போடுவது?

சேலத்தில் இயற்பியலோ வேதியியலோ உயிரித்தொழில்நுட்பமோ படித்துவிட்டு ஆய்வில் இறங்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இதே சிக்கல் வருகிறது. கணக்கு சரியாக இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, ஆனால் லேப்டாப்பில் ஓடவிட்டால் முடிகிற வழியைக் காணோம். "கிளஸ்டர்ல போடுப்பா" என்று கைடு சொல்லிவிடுவார். அந்தக் கிளஸ்டர் என்றால் என்ன, எங்கே இருக்கிறது, அதில் எப்படி வேலை கொடுப்பது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

முதலில், ஒரு கணக்கு ஏன் திடீரென்று அவ்வளவு பெரிதாகிறது என்று பார்த்துவிடலாம். நம் ஊர் வெள்ளைக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். இதைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும், உலைகளின் உட்புறம் பதிக்கிற தீச்செங்கலுக்கு அதுதான் மூலப்பொருள். அந்த வாயு எந்த இடத்தில் எவ்வளவு ஆற்றலில் பிரிகிறது என்பதை அணு அளவில் கணக்கிட டிஎஃப்டி என்ற முறை இருக்கிறது, அதைச் செய்ய குவாண்டம் எஸ்பிரெசோ போன்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. மேக்னசைட் படிகத்தின் மிகச் சிறிய அலகில் 10 அணுக்கள்தான். ஒரு நல்ல லேப்டாப் அதைச் சமாளித்துவிடும்.

ஆனால் நிஜக் கல்லுக்கு மேற்பரப்பு உண்டு, நடுவில் இரும்பு அணு கலந்திருக்கும், எங்கோ ஒரு அணு விடுபட்டும் இருக்கும். இதையெல்லாம் கணக்கில் கொண்டுவர அந்தச் சிறு அலகை நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் இரட்டிப்பாக்க வேண்டும், 80 அணுக்கள் ஆகிவிடும். டிஎஃப்டியில் வேலையின் அளவு அணுக்களின் எண்ணிக்கைக்கு மூன்றாம் அடுக்காக ஏறும். அணுக்கள் 8 மடங்கு என்றால் வேலை 8×8×8, சுமார் 512 மடங்கு. பெரிய அலகில் சில சலுகைகள் கிடைப்பதால் அப்படியே 512 ஆகாது, ஆனாலும் போக்கு இதுதான். 10 நிமிடத்தில் முடிந்த கணக்கு மூன்றரை நாள் வரைகூடப் பிடிக்கலாம். அதுவும் ஒரு அமைப்புக்கு. ஆய்வுக்கு அப்படி ஐம்பது அமைப்பு தேவைப்படலாம்.

வானிலைக்காரர்களுக்கும் இதே எண்தான் வருகிறது, வேறு வழியில். கணினியில் மழையைக் கணக்கிட நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர் என்றால், சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலையடிவாரமும் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காடும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். சேர்வராயன் மலை சராசரியாகித் தட்டையாகிவிடும், மலையில் மோதி மேகம் ஏறுவது அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. மலையைப் பார்க்க வேண்டுமானால் கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு, கூடவே கால அடியையும் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் நேர இடைவெளி) பாதியாக்க வேண்டும் என்பதால் மொத்த வேலை 8 மடங்கு. 12-லிருந்து 6, அப்புறம் 3, அப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் என்று மூன்று முறை பாதியாக்கினால் அதே 512. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டம் கொண்ட பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டத்தைக் கொண்டுவந்தது, அதற்கு முன்பு 12 கிலோமீட்டர்தான். அந்த ஒரே ஒரு பாதியாக்கலுக்குப் பின்னால் புனேயில் இருக்கும் அர்கா என்ற 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் சூப்பர் கம்ப்யூட்டர் நிற்கிறது.

சரி, இந்த ஃப்ளாப்ஸ் என்ன? ஒரு விநாடிக்குப் புள்ளி வைத்த எண்களில் எத்தனை கூட்டல் பெருக்கல் போட முடியும் என்ற அளவு, அவ்வளவுதான். டெரா என்றால் ஒரு லட்சம் கோடி. பெட்டா என்றால் அதைப்போல ஆயிரம் மடங்கு. நல்ல லேப்டாப்பின் பிராசசர் காகிதக் கணக்கில் விநாடிக்கு 20 ஆயிரம் கோடி அளவில் போடும், அதாவது 0.2 டெராஃப்ளாப்ஸ்.

இப்போது கிளஸ்டருக்கு வருவோம். அறை நிறைய நிற்கும் ஒரே ஒரு ராட்சதக் கணினி என்று பலர் கற்பனை செய்துவைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்தால் தட்டையான பெட்டிகளாக சர்வர்கள், ரேக்கில் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் நோடு என்று பெயர். ஒரு நோடில் பெரும்பாலும் இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் பல கோர்கள் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), நூற்றுக்கணக்கான ஜிபி ரேம். எல்லாவற்றையும் வேகமான நெட்வொர்க் ஒன்று பிணைத்திருக்கும், எல்லா நோடுகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய சேமிப்பகம் இருக்கும். எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட விடாமல் எல்லாமே லினக்ஸ் என்பது 2017 நவம்பரிலிருந்து அப்படியே இருக்கிறது, அதனால் லினக்ஸ் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரம் எங்கே போனாலும் உதவும்.

இந்த யோசனைக்குப் பெரிய பணம் தேவையில்லை என்று காட்டியவர்கள் நாசாவின் காடார்டு மையத்தில் இருந்த தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும். 1994-ல் கடையில் கிடைக்கிற 16 சாதாரண 486 கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து, பெயோவுல்ஃப் என்று பெயர் வைத்து, சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். பல்கலைக்கழகங்கள் பரவலாகச் சொந்தக் கிளஸ்டர் கட்டத் துணிந்தது இதற்கு அப்புறம்தான். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் கப்ரு என்ற கிளஸ்டரைக் கட்டி, 2004-ல் அது உலகின் முதல் 500 பட்டியலிலும் இடம்பிடித்தது. துகள் இயற்பியல் கணக்குக்காகக் கட்டியது அது.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள், ஏனென்றால் முதன்முறை வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கிளஸ்டரில் இருக்கும் ஒரு கோர், உங்கள் லேப்டாப்பின் ஒரு கோரைவிடப் பெரிய வேகம் ஒன்றும் கிடையாது, சில சமயம் மெதுவாகக்கூட இருக்கும். ஒரே கோரில் மட்டும் ஓடத்தெரிந்த நிரலைக் கொண்டுபோய் ஆயிரம் கோர் உள்ள கிளஸ்டரில் போட்டால், 999 கோர் சும்மா நிற்க, அது லேப்டாப்பில் ஓடிய அதே நேரத்துக்கு ஓடும். கிளஸ்டரின் பலம் முழுக்க வேலையைப் பிரிப்பதில் இருக்கிறது. பிரிக்கத் தெரியாவிட்டால் அது வெறும் வாடகை லேப்டாப்.

பிரிப்பது என்றால் என்ன என்பதற்கு நம் வெள்ளிக் கொலுசுத் தொழிலே போதும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் பார்த்திருப்பீர்கள்: ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையம் கோர்ப்பார்கள், வேறொரு இடத்தில் பற்றவைப்பு, மெருகு. வளையம் கோர்ப்பதை இருபது வீட்டுக்குப் பிரித்துக்கொடுத்தால், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, வேலை கிட்டத்தட்ட இருபது மடங்கு சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே ஜோடியின் இரண்டு கொலுசையும் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தால், நீளமும் எடையும் பொருந்த வேண்டுமே, அடிக்கடி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டேதான் செய்ய முடியும். எல்லாவற்றுக்கும் முன்னால் வெள்ளியை உருக்குகிற வேலை ஒரே உலையில் நடந்தால், அது முடியும்வரை இருபது வீடும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கணக்கிலும் இந்த மூன்று வகையும் உண்டு. முதல் வகைக்கு நல்ல உதாரணம் குச்சிக்கிழங்கின் தேமல் நோய். ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போடும் விவசாயிகளுக்கு இது பழகிய தலைவலி, வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். அதன் மரபணுத்தொகுதி இரண்டு வட்ட டிஎன்ஏக்கள், ஒவ்வொன்றும் சுமார் 2700 முதல் 2800 எழுத்து. வயல் வயலாக இலை மாதிரி எடுத்து மரபணு வரிசை படித்தால், ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் லட்சக்கணக்கில் துண்டுகள் வரும், அதில் எது வைரஸ், எது செடி என்று பிரித்தெடுக்க வேண்டும். 200 மாதிரி இருந்தால் அவை 200 தனித்தனி வேலைகள். ஒன்றின் விடைக்காக இன்னொன்று காத்திருக்காது. இதை ஜாப் அரே என்று ஒரே கட்டளையில் கொடுத்துவிடலாம், 200-ம் எங்கெங்கே இடம் கிடைக்கிறதோ அங்கங்கே ஓடும். ஆய்வு மாணவர்களின் வேலையில் பெரும்பங்கு இந்த வகையில்தான் வரும் என்பது என் எண்ணம், ஆனாலும் அதை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

இரண்டாம் வகை மழைக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்தின் காற்றும் ஈரமும் பக்கத்துக் கட்டத்தைப் பொறுத்தது, அதனால் கோர்கள் ஒவ்வொரு அடியிலும் விளிம்பு எண்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இதற்கான பொது வழிமுறைக்குப் பெயர் எம்பிஐ. நோடுகளுக்கு இடையே இன்ஃபினிபேண்ட் மாதிரியான விலை கூடிய நெட்வொர்க் போடுவது இதற்காகத்தான், ஒரு செய்தி போய்ச்சேர ஒன்றிரண்டு மைக்ரோ விநாடிதான் பிடிக்கும். உங்கள் வேலை முதல் வகை என்றால் இந்த நெட்வொர்க் உங்களுக்குத் தேவையே இல்லை.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. 1967-ல் ஜீன் ஆம்டால் சொன்ன விஷயம், இன்றுவரை தப்ப முடியவில்லை. ஒரு கணக்கு ஒற்றைக் கோரில் 10 மணி நேரம் ஓடுகிறது, அதில் 1 மணி நேர வேலையைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். மீதி 9 மணி நேரத்தை 16 கோருக்குப் பிரித்தால் 34 நிமிடம், ஆக மொத்தம் 1 மணி 34 நிமிடம். அருமை. ஆசைப்பட்டு 64 கோர் கேட்டால்? 1 மணி 8 நிமிடம். கோரை 4 மடங்கு ஆக்கியும் மிச்சமானது 26 நிமிடம்தான். ஆயிரம் கோர் போட்டாலும் அந்த 1 மணி நேரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. கிளஸ்டரில் கணக்கு வைப்பது கோர்-மணி என்ற அலகில், அதாவது எத்தனை கோர் எத்தனை மணி நேரம். 16 கோரில் இதற்கு ஆன செலவு 25 கோர்-மணி, 64 கோரில் 73. அந்த 26 நிமிடத்துக்காக இன்னொரு மாணவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய 48 கோர்-மணியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் புது வேலை எதையும் 4, 8, 16, 32 கோர் என்று சின்ன அளவில் ஓட்டிப் பார்த்து, எங்கே பலன் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மதியம் செலவாகும், ஆய்வுக் காலம் முழுக்க உதவும்.

உள்ளே நுழைவது எப்படி என்றால், எஸ்எஸ்ஹெச் என்ற கட்டளை வழியாக. கறுப்புத் திரை, எழுத்து மட்டும். முதலில் பார்த்தால் மிரட்டும், ஆனால் எழுத்து மட்டும் போய்வருவதால் மலைமேல் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் வேலை நடக்கும் என்பது நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பெரிய வரம். இணைப்பு அறுந்தாலும், இங்கே கரண்ட் போனாலும், அங்கே வரிசையில் கொடுத்த வேலை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நுழைந்ததும் நீங்கள் நிற்பது லாகின் நோடு. அது எல்லோருக்கும் பொதுவான வாசல். கோப்பு திருத்தலாம், ஸ்கிரிப்ட் எழுதலாம், நிரலைக் கம்பைல் செய்யலாம். கணக்கை மட்டும் அங்கே ஓடவிடக் கூடாது. ஓடவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் திரை உறைந்து நிற்கும், நிர்வாகி உங்கள் வேலையை நிறுத்திவிட்டு மெயில் அனுப்புவார், அது நியாயமும்கூட.

கணக்கு ஓடுவது கம்ப்யூட் நோடுகளில். அங்கே நேரடியாகப் போக முடியாது, நடுவில் ஷெட்யூலர் என்ற மென்பொருள் உட்கார்ந்திருக்கும். அதிகம் புழங்குவது ஸ்லர்ம், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது. ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள்: எனக்கு இத்தனை நோடு, இத்தனை கோர், இவ்வளவு ரேம், இவ்வளவு நேரம் வேண்டும் என்று மேலே நாலைந்து வரி, ஓட வேண்டிய கட்டளை கீழே. எஸ்பேட்ச் என்று அனுப்பினால் ஒரு ஜாப் எண் கிடைக்கும், எஸ்க்யூ என்று கேட்டால் வரிசையில் எங்கே நிற்கிறது என்று தெரியும், வேண்டாமென்றால் எஸ்கேன்சல்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்று மட்டும் இந்த வரிசை நகராது. சமீபத்தில் அதிகம் பயன்படுத்தியவர் கொஞ்சம் பின்னால் போவார், குறைவாகப் பயன்படுத்தியவர் முன்னால் வருவார். இன்னொரு அழகான ஏற்பாடும் உண்டு, பேக்ஃபில். யாரோ ஒருவர் 40 நோடு கேட்டுக் காத்திருக்கிறார், இப்போது 30 நோடு காலியாக இருக்கிறது, மீதி 10 காலியாக இன்னும் 6 மணி நேரம் ஆகும் என்று வைப்போம். அந்த 30-ம் ஆறு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டுமா? வேண்டாம். நீங்கள் ஒரு நோடில் 2 மணி நேரம் என்று கேட்டிருந்தால், பெரியவருக்குத் தாமதம் ஆகாது என்று ஸ்லர்முக்குத் தெரியும், உங்களை உடனே உள்ளே விட்டுவிடும். அதே வேலைக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று 3 நாள் கேட்டிருந்தால், அந்த இடைவெளியில் நுழைய முடியாது. என் ஜாப் மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களின் ஸ்கிரிப்டைத் திறந்து இந்த நேர வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

குறைவாகக் கேட்டாலும் ஆபத்துதான். நேரம் முடிந்ததும் வேலை பாதியில் நிறுத்தப்படும், கேட்ட ரேமைத் தாண்டினாலும் அப்படியே. அதனால் முதலில் சிறிய மாதிரியை ஓடவிட்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு ரேம் உண்மையில் ஆனது என்று செஃப் என்ற கட்டளையால் பார்த்து (எல்லாக் கிளஸ்டரிலும் அதை நிறுவியிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் எஸ்அக்ட்), அதற்குமேல் கால் பங்கு சேர்த்துக் கேளுங்கள். நீண்ட கணக்கு என்றால் செக்பாயிண்ட் வசதியைப் போட்டுவிடுங்கள், கோப்பில் அவ்வப்போது நிலையைச் சேமித்துவைக்கும், நின்ற இடத்திலிருந்து தொடரலாம். குரோமாக்ஸ் (மூலக்கூறு அசைவுக்கு), வெர்ஃப் (வானிலைக்கு), குவாண்டம் எஸ்பிரெசோ ஆகிய மென்பொருள் எல்லாவற்றிலும் இது உண்டு.

சேமிப்பகத்தில் இரண்டு இடம் தருவார்கள். ஹோம் சிறியது, நிலையானது. ஸ்கிராட்ச் பெரியது, வேகமானது, ஆனால் குறிப்பிட்ட நாட்கள் தொடாத கோப்புகளை அழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆய்வேட்டுக்கு வேண்டியதை உங்கள் ஹார்ட் டிஸ்குக்கு இறக்கிவிடுங்கள்.

ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் பிராசசர் பற்றியும் கேட்பீர்கள். ஒரே மாதிரியான சின்னக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதற்கு அது அபாரம், நியூரல் நெட்வொர்க்குக்கும் மூலக்கூறு அசைவுக் கணக்குக்கும் நன்றாகப் பொருந்தும். உங்கள் மென்பொருள் ஜிபியுவுக்கு எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்கிய ஜிபியு சும்மா நிற்கும்.

இதையெல்லாம் எதற்கு ஒரு பல்கலைக்கழகம் கட்டிக் காக்க வேண்டும், துறைக்கு ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன? வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் செலவு. முழு வேகத்தில் ஓடும் ஒரு நோடு அரை கிலோவாட்டைத் தாண்டுவது சாதாரணம், நூறு நோடு என்றால் 50 கிலோவாட், அதே அளவு வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டல் தனியாக, இதை இரவு பகலாகக் கவனிக்க ஆட்கள். துறைக்குத் துறை வாங்கினால் ஒரு துறையின் கணினி சும்மா கிடக்கும்போது இன்னொரு துறையில் வரிசை நிற்கும். பொதுவில் இருந்தால் ஒருவர் ஆய்வேடு எழுதும் மாதத்தில் இன்னொருவர் ஓட்டிக்கொள்ளலாம்.

இந்திய அரசு 2015-ல் 4500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதைச் செயல்படுத்தும் பொறுப்பை ஏற்றன. அதன் கீழ் வந்ததுதான் திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள். 838 டெராஃப்ளாப்ஸ், விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு, பிராசசர்களின் பக்கத்திலேயே திரவம் ஓடிக் குளிர்விக்கிறது. சேலத்திலிருந்து இரண்டரை மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது நம் ஆய்வு மாணவர்கள் பலருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சுற்றியுள்ள நிறுவனங்களின் ஆய்வாளர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

கிளஸ்டருக்குள் நுழையப் பயனர் கணக்கு வாங்குவதற்கு எந்த இடத்திலும் நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான். மாணவர் தனியாகக் கேட்டால் நடக்காது, கைடு பெயரில் விண்ணப்பம் போக வேண்டும். என்ன ஆய்வு, எந்த மென்பொருள், எத்தனை கோர்-மணி என்று கேட்பார்கள். மேலே சொன்ன 4, 8, 16 சோதனையின் முடிவை அதில் ஒரு சிறு அட்டவணையாக வையுங்கள், விண்ணப்பத்தின் மதிப்பே மாறிவிடும். வாஸ்ப் போல உரிமம் தேவைப்படும் மென்பொருளுக்கு உரிமம் உங்கள் குழுவிடம் இருக்க வேண்டும், கிளஸ்டரில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் பயன்படுத்த முடியாது. கட்டுரை வெளிவரும்போது நன்றி பகுதியில் அந்தக் கிளஸ்டரின் பெயரைப் போட மறக்காதீர்கள், அடுத்த முறை நிதி கேட்கும்போது அவர்கள் காட்டும் சான்று அதுதான்.

உள்ளே போன பிறகு ஏதாவது ஓடவில்லை என்றால் உதவிக்குழுவுக்கு எழுதக் கூச்சப்படாதீர்கள். "ஜாப் ஓடல சார்" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஜாப் எண், நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்ட், பிழைக் கோப்பின் கடைசி இருபது வரி, இதற்கு முன் ஓடியதா, ஓடியிருந்தால் அப்புறம் எதை மாற்றினீர்கள், இந்த நான்கையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் முதல் பதிலிலேயே வழி கிடைத்துவிடும்.